நீலத் தட்டும் மஞ்சள் தட்டும்

பொதுமக்களுக்குத் தொல்லை என்று ஒரு பொருளைப் பற்றியோ பிராணியைப் பற்றியோ புகார் வந்தால், முதலில் அதன் உடைமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அவர் விளக்கம் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். பொறுப்பான அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்வையிட்டு, பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அகற்றச் சொல்லி ஆணை போட முடியும். அந்த ஆணையும் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது ஆணை ஆகாது. இந்த நடைமுறையில் எந்தக் கட்டத்திலும் தீப்பெட்டிக்கு வேலை இல்லை.

வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெரு மருந்துக்கடை அண்ணாச்சியின் மொட்டைமாடியில் இருந்த நான்கு தேனீப் பெட்டிகளைக் கொளுத்துவதற்குத் தெருவே திரண்டு நின்றபோது, இந்த விதியை எடுத்துச் சொன்னவன் நான் ஒருவன்தான். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவர் மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

அண்ணாச்சி இப்போது ஊரில் இல்லை. கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சங்கரன்கோவிலில் எங்கள் பக்கம் 'மருந்துக்கடை' என்றாலே போதும், கை காட்டிவிடுவார்கள். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகும் நேரம் தவிர இந்த மூன்றில் ஒன்றில் இருப்பார்.

யார் எதைச் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். "பாத்துருவோம்" என்பார். உடனே செய்து பார்ப்பார். இருமல் மருந்து குடித்தால் தூக்கம் அடித்துப் போடுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் குறைப்பட்டுக்கொண்டார். அண்ணாச்சி அவர் முன்னாலேயே ஒரு மூடி குடித்துவிட்டு, கடை திறந்தது திறந்தபடி கிடக்க, மேசைமேல் தலை வைத்து மதியம் வரை தூங்கினார். விழித்ததும் அந்த ஆளின் வீட்டுக்கே போய், "நீரு சொன்னது சரிதாம்வே" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்னொரு முறை, மழை பெய்தால் இரும்புக் கதவில் மின்சாரம் அடிக்கிறது என்று பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் சொன்னார். அண்ணாச்சி புறங்கையை வைத்துப் பார்த்தார். சாக்கடைக்குள் போய் விழுந்து எழுந்து, "அடிக்கி. லேசா" என்றார்.

அவர் மனைவி இதையெல்லாம் சலிப்போடும் கொஞ்சம் பெருமையோடும் சொல்வார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்க வீட்டுக் கெணத்தப் பாத்து எம்புட்டு ஆழம்னு கேட்டாக. எங்க அப்பா, ரெண்டாள் ஆழம் இருக்கும்னாக. பாத்துருவோம்னு குதிச்சிட்டாக! பலகாரத் தட்டோட நிக்கேன் நான், மாப்பிள்ளையக் காணும்."

சிரிக்கலாம். ஆனால் செய்து பார்க்கிறவர் எப்போதும் தன் உடம்பில் மட்டும் செய்து பார்ப்பதில்லை. நான் புதுக்குடை வாங்கி, ஒரு சொட்டு இறங்காது என்று கடைக்காரர் சொன்னதாக இவரிடம் சொன்னேன். குடையை விரித்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு வாளித் தண்ணீர் மேலிருந்து வந்தது. அன்று எனக்கு ஓய்வூதிய நேர்காணல். ஈரச் சட்டையோடு போய் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுத்துவிட்டு வந்தேன். இப்படிப்பட்டவர் தேனீ வளர்த்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்கத் தேவையான ஆதாரங்கள் எல்லாம் கோப்பில் இருந்தன.

தேனீ வந்ததே ஒரு வாக்குவாதத்தால்தான். டீக்கடையில் உரக்கடைக்காரர், தேனீ பூவைத் தேடி வருவது வாசனையைப் பிடித்து என்றார். பேருந்து நடத்துநர் ஒருவர், நிறத்தைப் பார்த்து என்றார். அண்ணாச்சி டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மார்த்தாண்டத்திலிருந்து நான்கு பெட்டிகள் வந்து இறங்கின.

அதற்குப் பிறகு அவர் பேச்செல்லாம் பூ. உலகத்தில் உள்ள எல்லாப் பூவையும் அவர் கடையாகவே பார்த்தார். "நிறம் இருக்கு பாரும், அது போர்டு. தூரத்துல இருந்து தெரியணும். வாசம் வந்து மைக் செட்டு. காத்து எந்தப் பக்கம் அடிக்கோ அந்தப் பக்கம் கேக்கும். உள்ள தேனு, அது சரக்கு. சரக்கு இல்லேன்னா மறுநா ஒருத்தியும் வரமாட்டா." தேனீக்களை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே போய் உழைப்பதெல்லாம் பெண் தேனீதான் என்று தெரிந்த நாளிலிருந்து 'அவ', 'அவளுக' என்றுதான் சொல்வார்.

ஒருநாள் விடியற்காலையில் என்னைப் பூச்சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். குவியல் குவியலாக மல்லிகை. அதைச் சுற்றி வியாபாரிகளின் சத்தம்தான் இருந்ததே தவிர, ஒரு தேனீ இல்லை. "ஏன் வரல, சொல்லும்" என்றார். பதிலையும் அவரே சொன்னார்: "எல்லாம் மொட்டு. கடை தெறக்கதுக்கு முன்னயே கடையத் தூக்கிட்டு வந்துட்டாங்க. யாரு வருவா?" பக்கத்தில் மலர்ந்த கேந்திப் பூ மூட்டை விரிந்து கிடந்த இடத்தில் மட்டும் நாலைந்து தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை அவர் பார்த்த பார்வை, கடன் வாங்காத வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை.

பிச்சிக்கொடிக்கு அந்தி நேரத்தில் பெரிய விட்டில் ஒன்று வந்து, உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி நீளக் குழல் நாக்கை விட்டு உறிஞ்சுவதைக் காட்டினார். இருட்டில் வருகிறவனுக்கு வெள்ளைப் பூ, வாசம் அதிகம். இலுப்பைப் பூவுக்கு வௌவால், அது மூக்கால் தேடி வரும். கல்யாண முருங்கையின் சிவப்புக்குக் குருவிகளும் மைனாக்களும். தேனீக்குச் சிவப்பு, கறுப்பு மாதிரிதான் தெரியும் என்று எங்கோ கேள்விப்பட்டார். பாத்துருவோம் என்று சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். தன்னைத் தெரியாது என்பது அவர் கணக்கு. முகம் பூசணிக்காய் ஆகி இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. வந்ததும் திருத்தம் சொன்னார்: "சிவப்பு தெரியாது. ஆளு தெரியுது."

அந்தக் கோடையில்தான் தட்டுகள் வந்தன. ஒரே அளவில் நான்கு பிளாஸ்டிக் தட்டுகள்: சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம். மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்து, நீலத்தில் மட்டும் சீனித்தண்ணீர் ஊற்றினார். மற்றவற்றில் பச்சைத் தண்ணீர். முதல் நாள் ஒரே ஒரு தேனீ வெகுநேரம் தடுமாறி வந்து சேர்ந்தது. அது குடித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் ஏழெட்டு வந்தன. மதியத்துக்குள் தட்டே தெரியவில்லை.

"மொதல்ல ஒருத்தி சுத்தித் திரிஞ்சு கண்டுபிடிப்பா. பெறகு பெட்டிக்குள்ள போயி ஆடிக் காட்டுவா, சூரியனுக்கு எந்தப் பக்கம், எம்புட்டுத் தூரம்னு. மத்தவளுக அந்த வழியப் பிடிச்சு வருவாளுக. கிட்ட வந்தப்பெறகு போர்டப் பாப்பாளுக" என்றார்.

ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். நான்கு தட்டுகளையும் கழுவித் துடைத்துக் காலியாக, இடம் மாற்றி வைத்திருந்தார். "இப்ப வாசமும் கெடையாது, சரக்கும் கெடையாது. எங்க போறாளுகன்னு பாரும்."

எல்லாம் நீலத்துக்குத்தான் போயின. அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியின் அந்தக் கோடிக்கு நடந்தார். ஒரு சிறு மேகம் போல அவரைத் தொடர்ந்து வந்தன.

"காலித் தட்டக் காட்டி ஏமாத்துதீரே, அண்ணாச்சி."

"ஏமாத்தலவே. நாளைக்கு ஊத்திருவேன்."

ஊற்றினார். வாக்குவாதம் தீர்ந்த பிறகும் கோடை முழுக்க ஊற்றினார். அவை வந்து மொய்ப்பதைப் பார்ப்பது அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அந்த வருடம் எங்கள் தெருவில் குடிநீர் எப்போதாவதுதான் வந்தது. வரும் நாளில் குழாயடியில் முதல் நாளே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். பஜாரில் புதிதாகத் திறந்த ஒரு பாத்திரக்கடை, திறப்புவிழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம் இனாமாகக் கொடுத்திருந்தது. எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் விடாமல் போயிருந்தார்கள். எல்லாக் குடமும் நீலம்.

முதலில் இரண்டு மூன்று தேனீக்கள் குடத்தின் விளிம்பில் உட்கார்ந்தன. அடுத்த முறை ஒரு குடத்துக்குப் பத்துப் பதினைந்து. பெண்கள் சேலைத் தலைப்பால் விசிறி விரட்டினார்கள். மாடியைப் பார்த்துக் கத்தினார்கள். "அண்ணாச்சி, ஒம்ம பொண்டாட்டிமாரக் கூப்பிடும்வே! எங்க கொடத்துல வந்து குடியிருக்காளுக!" அண்ணாச்சி கடைவாசலில் நின்று சிரித்தார். குழாயடியை அவர் பார்த்த பார்வையில் ஒரு விஞ்ஞானியின் திருப்தி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோமதி, எங்கள் தெரு விசைத்தறிக்காரர் வீட்டு மருமகள். அன்று தண்ணீர் நின்றுவிடும் என்ற அவசரத்தில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். விளிம்புக்கு அடியில் இருந்த தேனீயை அவள் பார்க்கவில்லை. கழுத்தில் கொட்டியது. அவள் 'ஆ' என்றதைவிடக் குடம் விழுந்த சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் சுண்ணாம்பு தேடினார்கள். அதற்குள் அவள் முகம் தடித்துக் கண்கள் மூடிக்கொண்டன. பேச வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை, ஒரு விசில் சத்தம்தான் வந்தது.

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றதை நான் பார்த்தேன். கடையை விட்டு வெறுங்காலோடு ஓடி வந்தார். "சுண்ணாம்பு வேண்டாம்! ஆட்டோ! ஏலே, ஆட்டோவக் கூப்பிடுங்கலே!" அவளைத் தூக்கி உட்காரவைத்து, தானும் ஏறிக்கொண்டார். நான் என் வண்டியில் பின்னால் போனேன். ஆட்டோவின் பின்பக்கக் கண்ணாடி வழியாக அவள் தலை அவர் தோளில் ஆடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. "மூச்ச விடு தாயி. இன்னொன்னு விடு. இன்னா, ஆஸ்பத்திரி வந்துட்டு. இன்னொன்னு விடு."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அவள் மூச்சு சீராவதற்குள் அண்ணாச்சியின் சட்டை முழுதும் வேர்வையில் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்த டாக்டர் சொன்னார்: "கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். இனி ஒண்ணு கொட்டக் கூடாது. அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது."

அன்று மாலைதான் மண்ணெண்ணெய் விசாரணை நடந்தது. கோமதியின் புருஷன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பெட்டிய எறக்குங்க அண்ணாச்சி. நான் மேல ஏறுனா வேற மாதிரி ஆயிரும்" என்றான்.

"எறக்கி எங்க கொண்டு போக மக்கா? குருவிகுளம் பக்கம் சூரியகாந்தி பூக்க மார்கழி ஆவும். இப்ப அந்தக் கரிசல்ல ஒரு பூ கெடையாது. பட்டினி கெடந்து சாவாளுக."

"எம் பொண்டாட்டி சாவக் கெடந்தா. ஒங்களுக்கு ஈ பெருசாப் போச்சோ?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அவளுக ஆளத் தேடி வரல. நீலத்தத் தேடி வாராளுக. படிச்சுக் குடுத்தது நான். மறக்கவும் நானே வைக்கேன். அடுத்த தண்ணி வார வரைக்கும் டைம் குடு. அன்னிக்கு நீலக் கொடத்துல ஒருத்தி உக்காந்தாலும் நானே தீய வைக்கேன்."

இதற்கிடையே சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில், உடனே அகற்றுங்கள் என்று சொன்னார். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. நான் ஓய்வூதியம் வாங்குகிறவன். அண்ணாச்சி பெயரில் ஒரு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எழுத்து மூலம் அறிவிப்பு தரப்படவில்லை, நேரில் பார்வையிடவில்லை, சூரியகாந்தி பூக்கும் பருவம் வரை அவகாசம் வேண்டும் என்று மூன்று பத்திகள். தேனீ எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று தெரியாததால் நகல்களைத் தோட்டக்கலை, கால்நடை, தீயணைப்பு ஆகிய மூன்றுக்கும் போட்டேன். பதில் வரவில்லை.

மறக்கவைப்பது எப்படி என்று அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. நீலத் தட்டில் வெறும் தண்ணீர். சீனித்தண்ணீர் இனி மஞ்சளில். "போர்டு மாறிட்டுன்னு தெரிஞ்சா பழைய கடைக்கு எவ போவா?" காலையிலிருந்து பொழுது சாயும் வரை மாடியிலேயே இருந்தார். கடையை மனைவி பார்த்துக்கொண்டார். முதல் நாட்களில் தேனீக்கள் நீலத்தையே சுற்றின. பிறகு ஒன்றிரண்டு மஞ்சளுக்கு வந்தன. பிறகு எல்லாமே வந்தன.

தண்ணீர் வந்த நாளில் தெரு முழுவதும் வாசல்களில் நின்றது. குழாயடியில் பத்து நீலக் குடங்கள். நடுவில் அண்ணாச்சி, பனியனோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கோமதியின் புருஷன். தண்ணீர் விழும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மூன்றாவது குடம் நிறையும்போது ஒரு தேனீ வந்தது. ஒரு குடத்தின் வாயைச் சுற்றியது. அவன் கை சட்டைப் பைக்குப் போனது. அது இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, உட்காராமல் மேலே எழும்பிப் போய்விட்டது. வேறு எதுவும் வரவில்லை. கடைசிக் குடம் நிறைந்ததும் யாரோ கைதட்டினார்கள். அவன் தீப்பெட்டியை எடுத்து, ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டான்.

விவகாரம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். ஆடி பிறந்தது.

தெருமுனை அம்மன் கோயிலுக்கு ஆடி இரண்டாம் வெள்ளி பால்குடம். முந்தின நாள் சாயங்காலம் விழாக் கமிட்டியார் மூட்டையை இறக்கி, பால்குடம் எடுக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் சேலை கொடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடையைத் தாண்டும்போது அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கடையை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"சார்வாள்" என்றார். "மஞ்சள்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நீலம் இல்லாத நிறமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர், எந்த மாதத்துக்கு முன்னால் தேர்ந்தெடுக்கிறோம் என்று பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவருக்கு வெள்ளிக்கிழமைச் சேலையின் நிறம் ஞாபகத்தில் இல்லை. நாளைக் காலை மஞ்சள் சேலையில், மஞ்சள் துணி கட்டிய குடத்தோடு, நூறு பெண்கள் அந்த மாடிக்குக் கீழே நடக்கப் போகிறார்கள். அதில் கோமதியும் உண்டு. ஆஸ்பத்திரியில் அவள் மூச்சுக்குத் திணறியபோது மாமியார் வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன் அது.

"கமிட்டியில சொல்லிருவோம்" என்றேன்.

"என்னன்னு சொல்ல? அம்மனுக்கு நேந்துக்கிட்ட சேலைய மாத்துன்னு நான் சொல்லவாவே? நான்?"

சொன்னால் சேலையை மாற்ற மாட்டார்கள். பெட்டியைத்தான் மாற்றுவார்கள், தீப்பெட்டியால்.

இளையரசனேந்தல் பக்கம் அண்ணாச்சிக்குத் தெரிந்தவர் ஒருவரின் கிணற்றடித் தோட்டம் இருந்தது. இரண்டு நாள் அங்கே வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். லோடு ஆட்டோக்காரனிடம் பேசினார். "விடியுமுன்ன வாசல்ல நிப்பேன் அண்ணாச்சி" என்றான். விடியுமுன் அண்ணாச்சி நான்கு பெட்டிகளின் வாசலையும் கம்பிவலையால் அடைத்துத் தயாராக வைத்தார். பொழுது விடிந்தது. லோடு ஆட்டோ வரவில்லை. போன் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தபோது பின்னணியில் அம்மன் பாட்டு கேட்டது. ஊர்வலத்துக்கு மைக் செட்டும் ஜெனரேட்டரும் ஏற்றுவதற்கு அவனைக் கமிட்டி பிடித்துக்கொண்டிருந்தது. "கோயில் காரியம் அண்ணாச்சி, மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

ஊர்வலம் ஏழரைக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் கோயில் சேரும் என்று நோட்டீசில் அச்சிட்டிருந்தது. நானும் மாடிக்குப் போனேன். பெட்டிகள்மேல் ஈரச்சாக்கு போர்த்தியிருந்தார். உள்ளே இரைச்சல் கேட்டது. "ஒம்போது வரைக்கும் தாங்குவாளுக" என்றார்.

ஒன்பதுக்கு ஊர்வலம் இன்னும் கூடவே இல்லை. மேளம் வர வேண்டிய வண்டி திருவேங்கடத்தில் பஞ்சர் என்றார்கள். அண்ணாச்சியின் மனைவி படியேறி இறங்கி வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். சாக்கில் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்தில் காய்ந்தது. இத்தனை நாளாகக் கதவு ஜன்னலைப் பிடித்து ஆட்டிய ஆடிக்காற்று அன்று பார்த்து அடங்கிப்போயிருந்தது. பெட்டிக்குள் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. நெல் மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். வலையில் தேனீக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன. நான் கையை வைத்துப் பார்த்தேன். பலகை சுட்டது.

"தெறந்திரும், அண்ணாச்சி. இன்னும் ஊர்வலம் வரல."

"தெறந்தா வெளிய போனவளுக பொழுது சாயாம திரும்பி வர மாட்டாளுக. மேளம் வந்துட்டுன்னா?"

பதினொன்றரைக்கு மேளச் சத்தம் கேட்டது. தெருக்கோடியில் மஞ்சள் திரும்பியது. நூறு சேலை, நூறு குடம். வெயிலில் அந்த நிறம் கண்ணைக் கூசியது. அதே நேரத்தில் இரண்டாவது பெட்டியின் அடிப்பலகையிலிருந்து ஏதோ ஒழுகத் தொடங்கியது. தேன். உள்ளே மெழுகு இளகி அடை விழுந்துவிட்டது.

அவர் அந்தப் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலையின் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டார். ஒரு இழுப்பு போதும்.

"நம்ம பயந்துக்கிட்டு இருக்கோம்" என்றேன். "தட்டுதான் மஞ்சள்னு தெரியும் அவளுகளுக்கு. சேலைக்கு வரணும்னு என்ன? வராமலும் போகலாம். நீருதானே எதையும் பாத்துருவோம்பீரு?"

கீழே எட்டிப் பார்த்தார். கோமதி மாடிக்கு நேர் கீழே வந்திருந்தாள். தலையில் குடம், கழுத்தில் மஞ்சள் பூசி, ஈரத்தலையோடு. மேலே நிமிர்ந்து பார்த்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். மூச்சு விடு, மூச்சு விடு என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தவர் அல்லவா.

அண்ணாச்சி வலையிலிருந்து விரலை எடுத்தார்.

"இது பாக்கக் கூடாதுவே" என்றார்.

ஊர்வலம் தாண்டி முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நூறு பெண்கள் என்றால் நூறு பெண்கள் மட்டும் இல்லை; அவர்கள் குடும்பமும் உண்டு. நெல் மில் இரைச்சலாக இருந்தது மெல்ல இறங்கியது. ஒரு பெட்டி நின்றது. அப்புறம் இன்னொன்று. கடைசி மஞ்சள் முனை திரும்பியதும் நான்கு வலைகளையும் பிடுங்கி எறிந்தார். மூன்று பெட்டிகளிலிருந்து எதுவும் வரவில்லை. நான்காவதிலிருந்து ஒரு கைப்பிடி அளவு, தேனில் நனைந்து, நடந்து வந்தன. பறக்க முடியவில்லை. அவர் மனைவி ஒரு ஈரத்துணியை விரித்து அவற்றை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கைப்பிடிச் சுவரில் இருந்த மஞ்சள் தட்டை எடுத்தார். திறந்துவிட்டதும் குடிக்கட்டும் என்று காலையிலேயே அதில் சீனித்தண்ணீர் ஊற்றி வைத்திருந்திருக்கிறார். அதைச் சாய்த்து ஊற்றிவிட்டு, கழுவி, கவிழ்த்து வைத்தார்.

தேனீக்கள் மஞ்சள் சேலைக்கு வந்திருக்குமா என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. தெருவில் ஒருவருக்கும் அன்று மாடியில் நடந்தது தெரியாது. கோமதி வீட்டிலிருந்து மறுநாள் அம்மன் கோயில் பொங்கல் ஒரு தூக்குவாளியில் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டார். "பெட்டி சத்தமே இல்லையே அண்ணாச்சி, கொண்டு போயிட்டீயளா?" என்று அவள் கேட்டதற்கு, "ஆமா தாயி" என்றார்.

அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கினார். எனக்கு அது பழகவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே, இந்த நாற்காலி ரெண்டு ஆளைத் தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன். "தாங்காதுதான்" என்றார்.

கொஞ்ச நாளில் ஒரு மதியம், தெருவில் ஆள் நடமாட்டமே இல்லாத நேரத்தில், தபால்காரர் கடைக்கு வந்தார். மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. தபால் துறை மத்திய அரசு. அவர்களுக்கு அது கிடையாது. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு உறையை வாங்கி என்னிடம் நீட்டினார். பிரித்துப் படித்தேன். மனுதாரர் கோரியவாறு சூரியகாந்தி பூக்கும் பருவம் வரை அவகாசம் வழங்கப்படுகிறது. அதுவரை தேனீப் பெட்டிகளை இருக்கும் இடத்திலிருந்து அகற்றவோ, தேனீக்களுக்கு ஊறு விளைவிக்கவோ யாருக்கும் அனுமதி இல்லை. கையொப்பம், முத்திரை, நகல்கள் மூன்று துறைகளுக்கும். நடைமுறையில் ஒரு குறை சொல்ல முடியாது.

"இன்னொருக்கா படியும்" என்றார்.

படித்தேன்.

உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கதவு எண் தப்பு. தெருப் பெயர் பாதிதான் இருந்தது. "இருந்தும் எப்படியோ வழி கண்டுபிடிச்சு வந்துட்டு, பாத்தீரா" என்றார்.

தெருவில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பதில் வந்த அந்த நாள், தவமிருந்த அம்மனுக்குச் சாமி காட்சி கொடுத்த ஆடித்தபசு.